ஓட்டமும் நாடியும்

(சங்கத்தின் விளையாட்டுப் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மேடையேறுபவர் கையிலே குறிப்புத்தாள் இருப்பது வழக்கம். எம் கையில் ஒரு மணிக்கூடும் இருக்கிறது. விநாடி முள் ஓடுகின்ற பழைய மணிக்கூடு. பேச்சு நீண்டுவிடுமோ என்று அஞ்சி எடுத்து வந்தோமென எண்ண வேண்டாம். இதற்கு வேறொரு வேலை உண்டு. அதனைக் கடைசியிற் சொல்லுவோம்.

ஓடுகிற ஒருவன் தான் அளவோடு ஓடுகின்றானா, அளவுக்கு மிஞ்சி ஓடுகின்றானா என்பதைத் தன் நாடித் துடிப்பைக் கொண்டு அறிவது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். நாடி என்றதும் பெரியோர்கட்குப் பரியாரியாரின் நினைவு வரும். மணிக்கட்டிலே மூன்று விரலை வைத்து, கண்ணை மூடி, வாதம் பித்தம் சிலேற்பனம் என்று வகுத்துச் சொல்லும் அக்கலை வேறு. நாம் சொல்ல வந்தது அத்துணை நுட்பமானதன்று. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணத் தெரிந்தாற் போதும்.

இதனை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று முதலிற் சொல்லிவிடுகிறோம். நாம் மிசன் பள்ளியொன்றிலே படித்தவர்கள். அங்கே ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் மரதன் ஓட்டம் நடக்கும். பெயர்தான் மரதன், தூரம் ஐந்து மைலுக்கு உட்பட்டதே. எமக்குப் பதினாறு வயதான ஆண்டில், காலை ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம், வரவேண்டியவர் வரப் பிந்தியதால் பத்தரைக்குத் தொடங்கியது. வெயில் ஏறிவிட்டது. ஆசிரியர் ஒருவர் சைக்கிளில் எம்முடன் வந்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, "நேரம் போகிறது, ஓடுங்கள்" என்று ஊக்கப்படுத்தினார். அவரிடத்திலே குற்றமில்லை, அவரையும் அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். மூன்றாம் மைலைத் தாண்டியதும் பாதை இரண்டாகத் தெரிந்தது. வியர்வை நின்று உடம்பு சில்லிட்டது போலிருந்தது. ஒரு பூவரச மரத்தின் கீழ் இருந்துவிட்டோம். அந்த வளவுக்காரத் தாயார் கிணற்றுத் தண்ணீரை வாளியோடு தலையில் ஊற்றியிராவிட்டால் என்ன நடந்திருக்குமென்று தெரியாது. அன்று எமக்கு இருந்த துக்கமெல்லாம் இல்லத்துக்குப் புள்ளி போய்விட்டதே என்பதுதான். எத்தனை நிமிடத்தில் ஓடினோம் என்று பலர் கேட்டார்கள். கையைப் பிடித்து நாடி பார்த்தவர் எவருமில்லை.

இது எமது சொந்தக் கதை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, எமக்குத் தெற்கே திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய பதினாறு வயது மாணவன் ஒருவன் வீடு திரும்பவில்லை. அந்தச் சாவின் காரணங்களைத் தீர்ப்புக் கூறுவது எம் வேலையன்று. ஆயினும் அந்தச் செய்தியைக் கேட்ட இரவு, பூவரச மரத்தடி எமக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்தே இந்தப் பொருளைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஓய்ந்திருக்கும் ஒருவருடைய இருதயம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு துடிப்புக்கு 70 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து லீற்றருக்கு 71 துடிப்பு வேண்டும். நெடுநாட் பயிற்சி பெற்ற ஓட்டக்காரனின் இருதயம் ஒரே துடிப்பில் 100 மில்லிலீற்றர் தள்ளும். அவனுக்கு 50 துடிப்பே போதும். வளர்ந்தவர்க்கு ஓய்விலே 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு என்று வைத்திய நூல்கள் சொல்ல, ஓட்ட வீரரின் நாடி நாற்பதுகளில் இருப்பதன் இரகசியம் இதுவே. ஓடத் தொடங்கியதும் தசைகள் ஒட்சிசன் கேட்கின்றன. இரத்தந்தான் அதைக் கொண்டு போக வேண்டும். எனவே வேலை ஏற ஏறத் துடிப்பும் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறுகிறது. ஆகவே துடிப்பை எண்ணினால் உடம்பு படும் பாட்டை ஒருவாறு எண்ணியதாகும். மணிக்கூடு ஓடிய வேகத்தைச் சொல்லும். அந்த வேகத்துக்கு உடம்பு கொடுத்த விலையை நாடி சொல்லும்.

சில மாதங்களுக்கு முன் வாவிக்கரையிலே வீச்சுவலை போடும் உறவினர் ஒருவரிடம் கையை நீட்டச் சொன்னோம். அறுபது வயதைத் தாண்டியவர்.

"என்ன மனே, பரியாரி ஆகிட்டியா?"

"இல்லை மாமா, சும்மா எண்ணிப் பார்க்கத்தான்."

எண்ணினோம், 54. விளையாட்டுப் போட்டி ஒன்றுக்கும் போகாதவர். நாற்பது ஆண்டுகளாகத் தோணி வலித்ததும், இடுப்பளவு நீரில் நடந்ததும் அவருடைய பயிற்சி. எம்முடைய நாடி அன்று 68. அவர் எம் மணிக்கூட்டை வாங்கிப் பார்த்து, "இதுக்கு எவ்வளவு கொடுத்தாய்?" என்று மாத்திரம் கேட்டார்.

நாடியை வைத்துப் பயிற்சியை அளக்கும் முறை ஜேர்மனியிலே விரிவாக வளர்ந்தது. வோல்டெமார் கேர்ஷ்லர் என்னும் பயிற்சியாளரும், ஹெர்பேர்ட் றைன்டெல் என்னும் இருதய வைத்தியரும் பிறைபேர்க் நகரில் இதனை ஆராய்ந்தார்கள். அவர்கள் வகுத்த முறை எளியது. குறுந்தூரத்தை வேகமாக ஓடித் துடிப்பை 180 அளவுக்கு ஏற்ற வேண்டும். பின் மெல்ல நடந்து, அது 120க்கு இறங்கும்வரை காத்திருந்து மறுபடி ஓட வேண்டும். ஒன்றரை நிமிடத்துள் 120க்கு இறங்கவில்லையெனில், ஓட்டம் மிஞ்சிவிட்டது என்பது கருத்து. கேர்ஷ்லரிடம் பயின்ற றுடோல்வ் ஹார்பிக் 1939 யூலை 15ஆம் திகதி மிலான் நகரிலே 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 1955 வரை நின்றது. அதைப் படைத்தவரோ போரிலே 1944இல் மறைந்தார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீற்றரை வென்ற லக்சம்பேர்க் நாட்டு யோசி பார்த்தெலும் கேர்ஷ்லரின் மாணாக்கரே. இளைப்பாறும் வேளையிலேதான் இருதயம் வளர்கின்றது என்று அவ்விருவரும் கருதியதை இன்றைய ஆய்வாளர் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் "நாடி இறங்கும்வரை நில்" என்ற அந்தக் கட்டளை எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஓடு என்று சொல்லும் ஆசிரியர் பலர். நில் என்று சொல்லும் ஆசிரியர் சிலரே.

அடுத்தது பின்லாந்து தேசத்துக் கார்வொனென் என்பாருடைய கணக்கு. 1957இல் அவரும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்து வந்தது. ஒருவருடைய உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் மிஞ்சுவது அவருடைய இருப்பு. வங்கியிலே இருப்புப் பார்ப்பது போலத்தான். அந்த இருப்பிலே எத்தனை பங்கைச் செலவு செய்கிறோம் என்பதே பயிற்சியின் கடுமை. இருபது வயது வாலிபருக்கு உச்சம் 200, ஓய்வு 60 என்று கொள்வோம். இருப்பு 140. அதில் நூற்றுக்கு அறுபது 84. அதை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 144. நூற்றுக்கு எண்பது என்றால் 172. முன்னதிலே பேசிக்கொண்டு ஓடலாம். பின்னதிலே ஒரு சொல்லுக்கு மேற் பேச வராது.

உச்சத் துடிப்பு 200 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 220இலிருந்து வயதைக் கழி என்னும் வாய்பாடு உலகமெங்கும் வழங்குகிறது. 1971இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், முன்னரே வெளிவந்திருந்த பல ஆய்வுகளின் புள்ளிகளை ஒரு தாளிற் குறித்து, அவற்றினூடே ஏறக்குறைய ஒரு கோட்டை இழுத்ததனாற் பிறந்தது அது. 2001இல் தனாக்கா என்பாரும் குழுவினரும் திருத்தமான வேறொன்று சொன்னார்கள்: வயதை 0.7ஆற் பெருக்கி, 208இலிருந்து கழிக்க. இருபது வயதுக்கு 194 வரும். அறுபது வயதுக்குப் பழைய வாய்பாடு 160 என்னும். புதியது 166 என்னும். எதுவாயினும் சராசரியே. ஒரே வயதுடைய இருவரின் உச்சம் இருபது துடிப்பால் வேறுபடுவது அதிசயமன்று. ஆகையால் வாய்பாட்டை வேதவாக்காகக் கொண்டு, "உனக்கு 200 வரவில்லை, நீ சோம்பேறி" என்று எந்தப் பிள்ளையையும் ஏசலாகாது.

எண்ணும் முறையையும் சொல்லிவிட வேண்டும். பெருவிரலின் அடியிலே, மணிக்கட்டின் ஓரமாக, சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெல்ல வைக்க. பெருவிரலாற் பார்க்கலாகாது, அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு, ஏமாற்றிவிடும். கழுத்திலும் பார்க்கலாம், அழுத்தக் கூடாது. ஓய்வுத் துடிப்பை விடியற்காலையில் பாயைவிட்டு எழும்பு முன் முழு நிமிடம் எண்ண வேண்டும். ஓடும்பொழுதாயின், நின்ற உடனே பத்து விநாடி எண்ணி ஆறாற் பெருக்க வேண்டும். முழு நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணும்போதே துடிப்பு இறங்கிவிடும். இதையெல்லாம் தானாகச் செய்யும் கருவிகள் இன்று கடையில் உள்ளன. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இலேயே கம்பியின்றி மார்புப் பட்டியிலிருந்து கைக்குத் துடிப்பை அனுப்பும் கருவியை விற்கத் தொடங்கியது. இப்பொழுது பச்சை ஒளியைத் தோலில் வீசி இரத்த ஓட்டத்தை எண்ணும் மணிக்கூடுகள் கலியாண வீடுகளிலும் மின்னுகின்றன. கை குலுங்கும்போது அவை பிழையாகக் காட்டுவதும் உண்டு. இரண்டு விரலுக்கு விலையுமில்லை, மின்கலமும் வேண்டாம்.

இத்தனையும் எந்த நாட்டு நூலிலும் காணலாம். எம் மட்டக்களப்புக்கென்று தனியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதற்காகவே இந்தப் பேச்சு.

கச்சான் வீசும் மாதங்களை நீங்கள் அறிவீர்கள். மலைநாட்டைத் தாண்டி ஈரத்தை இழந்து, அடுப்பு வாயைத் திறந்தாற்போல வரும் காற்று. அது ஓய்ந்த நாட்களிலோ வாவியின் ஈரம் காற்றிலே தங்கி, வியர்வை உலராமல் வழிந்துகொண்டேயிருக்கும். வழிந்து விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை; உலரும் வியர்வையே குளிர்விக்கும். இந்நிலையில் ஓடுபவனுடைய இரத்தத்துக்கு இரண்டு எசமானர். தசை ஒருபுறம் கேட்கிறது. உடற்சூட்டை வெளியேற்றத் தோல் மறுபுறம் கேட்கிறது. வியர்வையாய் நீர் போகப் போக இரத்தத்தின் அளவும் குறைகிறது. ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் இரத்தம் குறைவதால், இருதயம் துடிப்பைக் கூட்டியே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. வேகத்தைக் கூட்டாமலே நேரம் செல்லச் செல்ல நாடி ஏறிக்கொண்டு போகும்.

நாமே பார்த்தோம். எம்மவர் சிலர் கல்லடிப் பக்கம் இரண்டு மைல் தூரத்தைப் பதினாறு நிமிடத்தில் ஓடினோம். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஓடி நின்றபொழுது எம் நாடி பத்து விநாடிக்கு 25, நிமிடத்துக்கு 150. அதே கிழமையில், கச்சான் அடித்த ஒரு நாள் பின்னேரம் மூன்றரைக்கு, அதே தூரத்தை அதே நேரத்தில் ஓடினோம். பத்து விநாடிக்கு 28, நிமிடத்துக்கு 168. மணிக்கூட்டைப் பார்த்த ஆசிரியருக்கு இரண்டும் ஒரே ஓட்டம். இருதயத்துக்கு இரண்டும் ஒன்றல்ல. இதனை ஆராய்ச்சி என்று பெரிதாகச் சொல்லவில்லை. நாலைந்து பேர் ஓடிப் பார்த்தது, அவ்வளவே. ஆனால் வெப்பத்தில் இப்படி ஏறுமென்பது உலகத்து ஆய்வாளர் பலகாலும் கண்டு சொன்னது.

இதிலிருந்து எமக்கு எழுந்த எண்ணம் யாதெனில், வெயில் நாளிலே பிள்ளைகளுக்கு நேரத்தை இலக்காக வைக்கலாகாது. நாடியை இலக்காக வைக்க வேண்டும். "எட்டு நிமிடத்தில் ஒரு மைல்" என்று சொல்லாமல், "150ஐத் தாண்டாமல் ஓடு" என்று சொன்னால், பிள்ளை தானாகவே மெல்ல ஓடும். காலையில் வேகமாகவும் மதியத்தில் மெல்லவும் ஓடுவது சோம்பலன்று, கணக்கு. வெயிலுக்கு உடம்பைப் பழக்கவும் முடியும். பத்து முதல் பதினான்கு நாட்கள் சிறிது சிறிதாக வெப்பத்தில் ஓடிவந்தால், அதே ஓட்டத்துக்கு நாடி குறைந்து வருவதைக் காணலாம். நாம் இந்த ஊரிலே பிறந்தவர்கள், எமக்கு வெயில் பழக்கமில்லையா என்று சிலர் கேட்பர். வயலிலும் வாவியிலும் நின்றவர்க்குப் பழக்கந்தான். மின்விசிறியின் கீழ் இருந்து சோதனைக்குப் படித்துவிட்டு, போட்டிக்கு முதல்நாள் சப்பாத்தைத் தேடும் எம் போன்றோர்க்கு இல்லை.

ஒன்றை மறைக்கலாகாது. நாடி எல்லாவற்றையும் சொல்லாது. உடம்பின் உட்சூடு 40 பாகையைத் தாண்டி வெப்பத்தாக்கு வருவதை நாடி எண்ணிக்கை மட்டும் காட்டித்தராது. ஓடுகிற பிள்ளை தடுமாறினால், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத மறுமொழி சொன்னால், காரணமின்றிக் கோபித்தால், எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர்த் தொட்டியிருந்தால் கழுத்தளவு அமிழ்த்தி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடின் உடம்பு முழுவதும் நீரூற்றி விசிற வேண்டும். அப்படிக் குளிர்வித்துக்கொண்டே ஆம்புலன்சை அழைக்க வேண்டும். குளிர்விப்பது முந்தி, ஏற்றிச் செல்வது பிந்தி என்பதே இன்று வைத்தியர் சொல்லும் ஒழுங்கு. அந்தத் தாயார் நூல் எதுவும் படியாமலே அதைச் செய்தார்.

பெரியோர்கட்கும் ஒரு சொல். பழைய கல்லடிப் பாலத்திலே காலையில் நடப்பவர் பலரை இங்கே காண்கிறோம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் இந்தக் கணக்குகளை நம்ப வேண்டாம். அம்மாத்திரைகளிற் சில வகை நாடியை ஏறவிடாமற் பிடித்து வைக்கும். உடம்பு களைத்த பின்னும் எண்ணிக்கை குறைவாகவே காட்டும். நீங்கள் பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டு நடவுங்கள்; கதை தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள். அரசியற் பேச்சு வேண்டாம். அது நடக்காமலே நாடியை ஏற்றும்.

வாலிபர்கட்குச் சொல்வது வேறு. தினமும் 180க்கு ஏற்றுவதுதான் வீரம் என்று எண்ணாதீர்கள். நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீவன் சைலர் என்பார், அவர்கள் பத்திலே எட்டுப் பங்கு மெதுவாகவே ஓடுகிறார்கள் என்று காட்டினார். வேகம் மிஞ்சிய இரண்டு பங்குக்கு உரியது. இன்னொன்று: காலை நாடியை ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதி வாருங்கள். வழக்கமாக 60 உள்ளவருக்கு ஒரு நாள் 70 காட்டினால், காய்ச்சல் வரப் போகிறது, அல்லது நித்திரை போதவில்லை, அல்லது முந்திய நாட் பயிற்சி இன்னும் ஆறவில்லை. அன்று மைதானத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. சென்ற ஆண்டு எம் கொப்பியிலே அப்படி ஒரு நாள் 74 காட்டியது. பிடிவாதமாகப் போய் ஓடினோம். மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்து, பரீட்சை ஒன்றையும் தவறவிட்டோம்.

"நாங்கள் நாடி எண்ணியா ஓடினோம்?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் சொல்வது காதில் விழுகிறது. இல்லைத்தான், ஐயா. விடிய விடியக் கூத்தாடிய அண்ணாவிமாரும் எண்ணவில்லை. ஆனால் மாதக்கணக்கில் களரியிலே பழகிய பின்னரே அரங்கேறினார்கள். ஆடியதும் இரவுக் குளிர்ச்சியில். எம் பிள்ளைகளைப் பழக்கமுமின்றிப் பத்தரை மணி வெயிலில் ஓடவிடுகிறோம்.

எனவே சங்கத்தாரிடம் ஒன்று கேட்கிறோம். வருகிற விளையாட்டு விழாவில் எம் ஓட்டம் காலை ஆறு மணிக்குத் தொடங்கட்டும்; விருந்தினர் பிந்தினால் அவரின்றியே தொடங்கட்டும். மைலுக்கு ஒருவர் நாடி எண்ணத் தெரிந்தவராய் நிற்கட்டும். முடிவிடத்தில் ஒரு பெரிய தொட்டி நிறையத் தண்ணீரும் பனிக்கட்டியும் இருக்கட்டும். ஆறு பேர் எண்ண வேண்டும். இதுவரை நால்வர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இனி மணிக்கூட்டின் வேலை. எல்லாரும் இடக்கையை மடியில் வைத்து, வலக்கையின் இரண்டு விரலை மணிக்கட்டில் வையுங்கள். தலைவர் அவர்களும் வைக்க வேண்டும். துடிப்புத் தட்டுப்படாதவர் விரலைச் சற்று வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். தட்டுப்பட்டதா? நாம் "தொடங்குக" என்றதும் எண்ணுங்கள். "நிறுத்துக" என்னும்வரை ஒருவரும் கதைக்க வேண்டாம்.

தொடங்குக.